இருப்பும் ஓட்டமும்: நீரிழிவு கண்ட இருதயத் தசை

முந்நூறு கிராமுக்குச் சற்று முன்பின்னாக எடையுள்ள மனித இருதயம், ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை சுருங்கி விரிகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அத்தனை சுருக்கங்களுக்கும் வேண்டிய சக்தியை நேரே வழங்குகின்ற அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பதார்த்தம், எந்தக் கணத்தில் எடுத்து நிறுத்தாலும் அந்தத் தசை முழுவதிலும் ஒரு கிராம் அளவுக்கே தேறும் என்பதும், அதே பதார்த்தத்தை நாளொன்றுக்கு ஆறு கிலோ வீதம் இருதயம் செலவிட்டு, செலவிட்டதையே திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொள்கிறது என்பதும் அவ்வளவாகப் பலருடைய கவனத்துக்கு வராதவை. கையிருப்பு முழுவதும் பத்துப் பதினைந்து நொடிகளுக்குள் தீர்ந்து புதிதாகிவிடுகிறதென்றால், இந்தத் தசையினுள் இன்ன பொருள் இவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லப் புகுந்தவர்கள் எத்தகைய வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டார்கள் என்பதை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். நீரிழிவு நோய் இருதயத் தசையை எங்ஙனம் பீடிக்கிறது என்பதைப்பற்றி நாம் இன்று அறிந்திருப்பவற்றில் பெரும்பகுதி அந்த வேலையினால் கிடைத்தது. ஆகையால் அந்த நோயைப்பற்றி எழுதுகிறவன் அளவீட்டின் கதையையும் சேர்த்தே எழுதவேண்டியவனாகிறான்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இருதய நோய் மிகுதியாக வருவதற்கு ரத்தக் குழாய்கள் தடித்து அடைபடுவதே காரணம் என்று வைத்தியர்கள் நெடுங்காலம் கருதிவந்தார்கள், அது மெய்யும்கூட. ஆயினும் குழாய்களில் பழுதில்லாதபோதும் தசையே நேராக நலிந்துபோகக்கூடும் என்னும் எண்ணத்தை டென்மார்க் தேசத்து வைத்தியரான லுண்ட்பெக் 1954ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். 1972இல் நியூயார்க்கில் ஷெர்லி ரூப்ளரும் அவருடைய சகாக்களும், நீரிழிவினால் சிறுநீரகம் கெட்டு, இருதயமும் பெருத்துத் தளர்ந்து இறந்துபோன நால்வரின் உடல்களைச் சோதித்து, அந்நால்வரிடத்தும் இருதயத் தளர்ச்சிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் குழாயடைப்பு முதலிய காரணங்களைக் காணவில்லை என்று அறிவித்தார்கள். நால்வர் என்பது சிறிய எண்தான். ஆனால் இரண்டு ஆண்டு கழித்து, அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊர் மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வாளர்கள், நீரிழிவுள்ள ஆண்களுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேலும், பெண்களுக்கு ஐந்து மடங்கும் இருதயத் தளர்ச்சி ஏற்படுகிறது என்றும், குழாய் நோயையும் ரத்த அழுத்தத்தையும் கணக்கில் கழித்த பின்னும் அந்த மிகுதி மறையவில்லை என்றும் காட்டியபோது, ரூப்ளரின் நால்வரும் பெரிய கூட்டமொன்றின் பிரதிநிதிகளாகத் தோன்றலானார்கள்.

குழாயில் குற்றமில்லையென்றால் குற்றம் தசையினுள்ளே இருக்கவேண்டும். தசையினுள்ளே என்றால், அங்கே இயற்கையாக இருந்து வேலை செய்துவரும் பொருள்களின் அளவிலும் நடமாட்டத்திலும் இருக்கவேண்டும். இருதயம் எரிபொருள் விஷயத்தில் பிடிவாதம் இல்லாதது. கொழுப்பமிலம், குளுக்கோஸ், லாக்டிக் அமிலம், உபவாச காலத்தில் ஈரல் அனுப்பும் கீட்டோன் பொருள்கள் ஆகிய எது வந்தாலும் எரித்துச் சக்தியாக்கிக்கொள்ளும்; எனினும் சாதாரண நிலையில் அதன் தேவையில் அறுபது எழுபது சதவிகிதம் கொழுப்பமிலத்திலிருந்தே கிடைக்கிறது. இந்த எரிபொருள்களும், அவை படிப்படியாக மாறும்போது இடையில் தோன்றி மறையும் சிட்ரேட், பைருவேட் முதலியவைகளும், முடிவில் சக்தியைத் தாங்கி நிற்கும் பாஸ்பேட்டுகளும், இவற்றுக்கெல்லாம் துணைநின்று சுமந்து செல்லும் கிரியாட்டின், கார்னிட்டின் போன்றவைகளுமே அளக்கப்படவேண்டியவை. இவற்றுள் கிரியாட்டினை ஷெவ்ரோல் என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞர் 1832இலும், கார்னிட்டினை குலேவிச், கிரிம்பெர்க் என்னும் ருஷ்யர் இருவர் 1905இலும், இறைச்சிச் சாற்றிலிருந்தே பிரித்தெடுத்தார்கள். பிரித்தெடுத்தார்களேயன்றி, அவை தசையில் எதற்காக இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியாது. கார்னிட்டின் கொழுப்பு எரிவதற்குத் துணைசெய்கிறது என்று தெரியவர 1955ஆம் ஆண்டு வரை, அதாவது அரை நூற்றாண்டு, காத்திருக்கவேண்டியிருந்தது.

பாஸ்பேட்டுகளின் கதையைச் சற்று நின்று சொல்லவேண்டும். அதில் நம்மவர் ஒருவரின் கைத்திறனும் கலந்திருக்கிறது. பழைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் 1895இல் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பிரசிடென்சி கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற எல்லாப்ரகட சுப்பாராவ், அமெரிக்கா சென்று ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் ஆசிரியரோடு சேர்ந்து, 1925இல் பாஸ்பரஸை அளப்பதற்கு ஒரு முறையை வகுத்தார். சோதிக்கவேண்டிய திரவத்திலிருந்து புரதத்தை நீக்கி, அமிலத்தோடு மாலிப்டேட் உப்பைச் சேர்த்து, பிறகு குறைக்கும் தன்மையுள்ள வேறொரு ரசாயனத்தைச் சில துளிகள் விட்டால் நீல நிறம் எழும். பாஸ்பேட் எவ்வளவோ அவ்வளவுக்கு நீலம் ஆழ்ந்திருக்கும். அளவு தெரிந்த ஒரு கரைசலின் நீலத்தோடு அதை ஒப்பிட்டுக் கணக்கிடவேண்டியதுதான். நூறாண்டு ஆகியும் அவ்விருவர் பெயரால் வழங்கும் அந்த முறை இன்னமும் ஆய்வுக்கூடங்களிலிருந்து விடைபெறவில்லை.

முறை எளியது, ஆனால் அதைக் கையாண்டவரின் கண் எளிய கண்ணன்று. ரத்தத்திலிருந்து தயாரித்த திரவத்தில் நீலம் உரிய நேரத்தில் எழுந்து நின்றுவிடுகிறது; தசையிலிருந்து தயாரித்த திரவத்திலோ அது மெல்ல மெல்ல எழுந்து, நேரம் செல்லச் செல்ல ஆழ்ந்துகொண்டே போகிறது. ஏதோ கலப்படம் என்று ஒதுக்கிவிடத்தக்க அந்தத் தாமதத்தை ஃபிஸ்கும் சுப்பாராவும் ஒதுக்கவில்லை. தசையில் பாஸ்பேட் தனியே இல்லாமல் வேறொன்றோடு பிணைந்திருந்து, சோதனைக் குழாயின் அமிலத்தில் சிறிது சிறிதாக விடுபடுகிறது போலும் என்று ஐயுற்று, அந்த வேறொன்று கிரியாட்டினே என்று நிறுவி, 1927இல் பாஸ்போகிரியாட்டினை உலகுக்கு அறிவித்தார்கள். அதே ஆண்டில் லண்டனில் எகிள்டன் தம்பதியரும் அப்பொருளைத் தனியே கண்டார்கள். அதுவரை தசையிலே ‘தனிப் பாஸ்பேட்’ என்று புத்தகங்களில் எழுதிவைக்கப்பட்டிருந்த எண்களில் ஒரு பெரும்பகுதி, உண்மையில் அளக்கும் செயலினாலேயே உடைந்துபோன பாஸ்போகிரியாட்டின் என்று அப்போது தெரியவந்தது. வேலை செய்யும் தசையில் அது குறைகிறது, ஓய்வில் மீள்கிறது என்றும் கண்டார்கள். 1929இல் அடினோசின் டிரைபாஸ்பேட்டை ஜெர்மனியில் லோமானும், ஹார்வர்டில் இவ்விருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். நிறம் தாமதித்து எழுந்தது என்னும் ஒரு சிறு காட்சியைச் சட்டை செய்ததனால் சக்தி சாஸ்திரத்தின் அஸ்திவாரமே கிடைத்தது என்பதை நினைக்கும்போது, அந்தச் சென்னை மாணவரை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் சற்று உரக்கப் பேசியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை அழித்துவிடும் என்னும் இந்த ஆபத்து, மற்றத் தசைகளைவிட இருதயத்தில் பன்மடங்கு அதிகம். ரத்தம் நின்ற சில நொடிகளிலேயே பாஸ்போகிரியாட்டின் சரியத் தொடங்குகிறது. கத்தியால் ஒரு துண்டை வெட்டியெடுத்துத் தட்டில் வைத்து எடைபோடும் நேரத்துக்குள், வெட்டுவதற்கு முன்பிருந்த நிலைமை பழங்கதையாகிவிடுகிறது. இதற்கு மாற்று கண்டவர் ஆல்பர்ட் வோலன்பெர்கர். அவரும் சகாக்களும் 1960இல் வெளியிட்ட உபாயம் காட்சிக்கு ஒரு பெரிய இடுக்கியேதான்: நுனியில் இரண்டு கனத்த அலுமினியக் கட்டிகள், ஒன்றோடொன்று தட்டையாகப் பொருந்தும்படி அமைந்திருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 196 பாகை குளிரிலுள்ள திரவ நைட்ரஜனில் அந்தக் கட்டிகளை அமிழ்த்தி, திரவத்தின் கொதிப்பு அடங்கும் வரையில் வைத்திருந்து எடுத்து, துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தை அவற்றின் இடையில் வைத்து ஒரே மூச்சில் அழுத்தினால், தசை மெல்லிய வில்லையாக நசுங்கும் அந்தக் கணத்திலேயே உள்ளும் புறமும் உறைந்துபோகிறது. உறைந்த வில்லையைத் திரவ நைட்ரஜனிலேயே குளிர்வித்த கல்வத்தில் இட்டு, உருகவிடாமல் மாவாகப் பொடித்து, குளிர்ந்த பெர்க்ளோரிக் அமிலத்தில் சேர்த்தால், வினைகளை நடத்தும் புரதங்கள் யாவும் செயலற்றுத் திரண்டு படிகின்றன. அந்தப் படிவைச் சுழற்றி ஒதுக்கி, தெளிவைக் காரமிட்டுச் சமன்படுத்தி, அப்போது வெண்மையாக இறங்கும் உப்பையும் நீக்கியபின் எஞ்சும் சில மில்லிலிட்டர் தெளிநீரில்தான், உயிரோடிருந்த இருதயம் அந்தக் கணத்தில் என்ன வைத்திருந்தது என்பதற்குச் சாட்சியம் அடங்கியிருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் ‘உறையவைத்துச் சாறெடுக்கப்பட்டது’ என்று அரை வரியில் முடிந்துபோகும் இந்தப் படியில் கை தாமதித்தால், பின்னால் எத்தனை விலையுயர்ந்த கருவியைக் கொண்டு அளந்தாலும் அளப்பது பிரேதத்தின் ரசாயனத்தையே.

இனி நீரிழிவுக்கு வருவோம். சோதனைக்கு நீரிழிவுள்ள பிராணிகள் வேண்டும். அலாக்ஸான் என்னும் ரசாயனம் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களைக் குறிவைத்து அழிக்கிறது என்று 1943இலும், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து கிடைத்த ஸ்டிரெப்டோசோடோசின் என்னும் மருந்தும் அவ்வாறே செய்கிறது என்று 1963இலும் தெரியவந்தன. இவற்றில் ஒன்றை ஊசியிட்ட எலி சில நாளில் நீரிழிவு அடைந்துவிடும். அதன் இருதயத்தை எடுத்து, லாங்கெண்டார்ஃப் 1895இல் காட்டிய வழியில், மகாதமனியில் குழாயைச் செருகி, பிராணவாயு ஊட்டிய உப்புக் கரைசலைச் செலுத்தினால், உடலை விட்டு நீங்கிய பின்னும் அது துடித்துக்கொண்டிருக்கும். கரைசலில் குளுக்கோஸ் எவ்வளவு, கொழுப்பமிலம் எவ்வளவு, இன்சுலின் உண்டா இல்லையா என்பதெல்லாம் ஆய்வாளரின் கையில் இருக்கும்.

கேம்பிரிட்ஜில் பிலிப் ராண்டிலும், கார்லண்ட், ஹேல்ஸ், நியூஷோம் என்னும் அவருடைய துணைவர்களும் 1960களின் தொடக்கத்தில் இத்தகைய இருதயங்களில் செய்த அளவீடுகள், இத்துறையில் நான் மிகுந்த மதிப்போடு படிக்கும் பகுதி. நீரிழிவில் தசைக்குள் குளுக்கோஸ் நுழைவது குறைகிறது என்பது முன்பே தெரியும். இன்சுலின் இல்லையென்றால் வாயில் மூடிக்கிடக்கும். வாயில் மூடியிருந்தால் உள்ளே குளுக்கோஸின் வழித்தோன்றல்கள் யாவும் வற்றிக்கிடக்கவேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அளந்து பார்த்தபோதோ, உள்ளே நுழைந்த குளுக்கோஸ் முதல் படியில் மாறி ஆகும் குளுக்கோஸ் பாஸ்பேட், ஆரோக்கியமான இருதயத்தில் உள்ளதைவிட நீரிழிவுற்ற இருதயத்தில் கூடுதலாக இருந்தது. வரவு குறைந்திருக்க இருப்பு எப்படிக் கூடும்? கால்வாயில் நீர் குறைவாக வந்துகொண்டிருக்கும்போதே ஓரிடத்தில் மட்டம் உயர்ந்து நிற்குமானால், அதற்குக் கீழே எங்கோ ஒரு மடை அடைபட்டிருக்கிறது என்று வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவன் சொல்லிவிடுவான். ராண்டிலின் குழுவினரும் அவ்வாறே ஒவ்வொரு படியாக அளந்துகொண்டு கீழே இறங்கினார்கள். பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்னும் நொதி நடத்தும் படிக்கு மேலேயுள்ள பொருள்கள் தேங்கியிருந்தன. அந்த நொதியை அடக்கும் இயல்புள்ள சிட்ரேட்டும் மிகுந்திருந்தது. பைருவேட் எரியப் புகும் இடத்திலும், அசிட்டைல் கோஎன்சைமின் விகிதம் உயர்ந்து, அங்குள்ள நொதியையும் ஒடுக்கியிருந்தது. சிட்ரேட்டும் அசிட்டைல் கோஎன்சைமும் மிகுந்ததற்குக் காரணம், நீரிழிவில் கட்டுப்பாடின்றி ரத்தத்தில் பெருகிய கொழுப்பமிலத்தை இருதயம் அளவுமீறி எரித்ததே. நீரிழிவில்லாத இருதயத்துக்குக் கொழுப்பமிலத்தை மிகுதியாகக் கொடுத்தபோதும் அதே தோற்றம் வந்தது. கொழுப்பு எரிவது குளுக்கோஸ் எரிவதை அடக்குகிறது என்று 1963இல் அவர்கள் அறிவித்த இந்தச் சித்தாந்தம் ராண்டில் சக்கரம் என்ற பெயரில் இன்றும் கற்பிக்கப்படுகிறது. அதன் சில நுட்பங்களைப் பின்வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். அடிப்படை நிலைத்து நிற்கிறது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது, ஒரு பொருள் தசையில் மிகுந்திருப்பதனால் அதன் வழியில் ஓட்டம் மிகுந்திருக்கிறது என்று கொள்ளக்கூடாது என்பதே. இருப்பு வேறு, ஓட்டம் வேறு. குளுக்கோஸ் பாஸ்பேட்டின் இருப்பை மட்டும் அளந்து நின்றுவிட்டிருந்தால், நீரிழிவுற்ற இருதயம் சர்க்கரையை மும்முரமாகப் பயன்படுத்துகிறது என்று நேர் எதிரான முடிவுக்கு யாரும் வந்திருப்பார்கள். படிக்குப் படி அளந்ததும், அதோடு கரைசலிலிருந்து எவ்வளவு குளுக்கோஸ் குறைந்தது என்று ஓட்டத்தையும் அளந்ததுமே அவர்களைக் காப்பாற்றின. நம் காலத்தில் ஒரு கருவி ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான பொருள்களின் அளவைக் கொட்டிவிடுகிறது. அவற்றுள் நீரிழிவில் ஏறியவை இவை, இறங்கியவை இவை என்று வண்ணப் படமாகப் போட்டுவிடுவது எளிதாகிவிட்டது. படம் அழகாக இருக்கும். ஏறியது வரவினாலா, தேக்கத்தினாலா என்ற கேள்வி மட்டும் அதில் கேட்கப்படாமலே கிடக்கும்.

கார்னிட்டினின் வரலாறும் இதையே காட்டுகிறது. நீண்ட கொழுப்பமிலங்கள் அணுவினுள் மைட்டோகாண்ட்ரியா என்னும் எரிப்பிடத்துக்குள் செல்லவேண்டுமானால் கார்னிட்டினோடு சேர்ந்தே செல்லவேண்டும். பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்னும் ஊரில் நீலியும் அவருடைய கூட்டத்தாரும் 1970களின் பிற்பகுதி தொடங்கி நீரிழிவுற்ற எலிகளின் இருதயங்களை அளந்தபோது, தனிக் கார்னிட்டின் குறைந்தும், எரியாது நின்ற நீண்ட கொழுப்பமிலப் பிணைப்புகள் குவிந்தும் இருக்கக் கண்டார்கள். அத்தகைய பிணைப்புகள் மிகுந்தால் அணுவின் சவ்வுகளுக்குக் கேடு விளையும் என்பது ஆய்வாளர் பலர் கொள்கை. கார்னிட்டின் குறைந்திருக்கிறதா, அதைக் கொடுத்துவிட்டால் போகிறது என்று யாருக்கும் தோன்றும். எலிகளில் கொடுத்துச் சில ஆய்வுகளில் பலனும் கண்டார்கள். எனினும் மனிதருடைய நீரிழிவு இருதய நோய்க்கு அது ஸ்திரமான சிகிச்சையாக இதுவரை ஆகவில்லை. குறைவு ஒன்று அளக்கப்பட்டதனாலேயே அது நோயின் வேர் என்று ஆகிவிடாது. நோயின் விளைவாகவும் இருக்கலாம், நோயைத் தாங்கிக்கொள்வதற்கு உடல் செய்த ஏற்பாடாகவும் இருக்கலாம். மேலும் ஊசியினால் இன்சுலினை அடியோடு இழந்த எலி, இன்சுலின் இருந்தும் அதற்குத் தசைகள் செவிசாய்க்காத நிலையில் பல்லாண்டு வாழும் நடுவயது மனிதருக்குச் சரியான சான்றாகாது. நம்மிடையே உள்ள நீரிழிவுக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர். எலியின் இருதயமோ நிமிடத்துக்கு முந்நூறுக்கு மேல் துடிப்பது. இதை மறந்து எலியின் எண்ணை மனிதன்மேல் ஏற்றிவிடும் செய்திகளை அடிக்கடி காண்கிறோம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வாசகருக்கு அற்பமாகத் தோன்றினும், இத்துறையில் சண்டைகள் பல அதிலிருந்தே பிறந்தவை. ‘கிராமுக்கு இவ்வளவு’ என்கிறோமே, எதனுடைய கிராம்? இருதயத் தசையின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். நோயினால் தசையில் சிறிது நீர் கோத்துக்கொண்டால், ஒரு பொருள் சற்றும் குறையாமலே ‘ஈர எடையில் கிராமுக்கு’க் குறைந்ததாகக் காணும். உலர்த்தி நிறுத்தால் அந்தப் பிழை நீங்கும். ஆனால் நீரிழிவில் தசைநார்களின் இடையே நார்த்திசு வளர்கிறது, கொழுப்பும் சேர்கிறது. இவை உலர் எடையிலும் பங்கு கேட்கும். புரதத்தின் அளவைப் பகுதியாகக் கொண்டாலும் நார்த்திசுவின் புரதம் அதில் கலந்துதான் இருக்கும். இருதயத்தில் கனத்தில் பெரும்பகுதி தசையணுக்களே ஆனாலும், எண்ணிக்கையில் ரத்தக்குழாய்ச் சுவரின் அணுக்களும் நார்த்திசு அணுக்களும் அவற்றை மிஞ்சுகின்றன. மனிதரிடமிருந்து கிடைக்கும் தசையோ பெரும்பாலும் பைபாஸ் அறுவையின்போது மேலறையின் ஓரத்திலிருந்து எடுக்கும் சிறு துணுக்கு. ரத்தத்தை உந்தும் பெரும்பணியைச் செய்வது கீழறை. ஆகவே எந்த எண்ணைக் கண்டாலும், மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன் கீழே எதனால் வகுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே நல்ல வழக்கம்.

தசையை வெட்டாமலே, உயிரோடிருப்பவரின் மார்புக்குள்ளேயே இவற்றை அளக்க முடியுமா? இயற்கையிலுள்ள பாஸ்பரஸ் முழுவதும் ஒரே வகை அணுக்களால் ஆனது. அந்த அணுக்கருவோ காந்தப் புலத்தில் வைத்து வானொலி அலையால் தூண்டினால் பதிலொலி தருவது. பாஸ்போகிரியாட்டினில் உள்ள பாஸ்பரஸ் ஓர் அதிர்வெண்ணிலும், அடினோசின் டிரைபாஸ்பேட்டில் உள்ள மூன்றும் வேறு மூன்று அதிர்வெண்களிலும் ஒலிப்பதால், பெரிய காந்தத்தினுள் இருதயத்தை வைத்தால் நான்கு சிகரங்கள் தனித்தனியே எழுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் ஜார்ஜ் ராடாவும் அவருடைய சகாக்களும் 1976இல் எலியின் இருதயத்தில் இதைச் செய்து காட்டினார்கள். 1980களில் மனித இருதயத்திலும் இது கைகூடிற்று. ஃபிஸ்கும் சுப்பாராவும் அமிலத்தில் உடைந்துபோவதைக் கண்டு இருக்கிறதென்று ஊகித்தறிந்த அந்தப் பொருள், ஐம்பது ஆண்டுக்குள், உடையாமலே உயிருள்ள தசையில் தன்னை அறிவித்துக்கொண்டது.

இரண்டு பாஸ்பேட்டுகளின் விகிதத்தை எடுத்துக்கொள்வது இம்முறையில் வழக்கம். ஆரோக்கியமான மனித இருதயத்தில் பாஸ்போகிரியாட்டின் மற்றதைப்போல இரண்டு மடங்கை ஒட்டி இருக்கும். 2003இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களாயினும் இருதயத்தின் வடிவிலும் இயக்கத்திலும் எந்தக் குறையும் புலப்படாதவர்களை இவ்வாறு சோதித்து, நீரிழிவில்லாதவர்களிடம் 2.3 ஆக இருந்த விகிதம் இவர்களிடம் 1.5 ஆக இருந்ததென்று வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இறக்கம்! இருதயம் தளர்வதற்கு முன்னரே, நோயாளிக்கு மூச்சுத் திணறல் முதலிய அடையாளம் எதுவும் தோன்றாத காலத்திலேயே, சக்தியின் சேமிப்பு குன்றத் தொடங்கிவிட்டது என்பது இதன் பொருள். விகிதம் என்பதனால் ஒரு மறைவும் இதில் உண்டு: இரண்டும் சேர்ந்து குறைந்தால் விகிதம் மாறாது, ஆகவே விகிதம் நன்றாயிருப்பதை ஆரோக்கியத்துக்கு முழு உத்தரவாதமாகக் கொள்ளமுடியாது.

அதே காந்தத்தைக் கொண்டு, பாஸ்பரஸுக்குப் பதிலாக ஹைட்ரஜனின் ஒலியைக் கேட்டால் தசையணுக்களினுள் சேர்ந்துள்ள கொழுப்பை அளக்கலாம். டெக்ஸாஸில் 2007இல் 134 பேரிடம் இவ்வாறு அளந்தபோது, நீரிழிவுள்ளவர்களிடம் மட்டுமன்றி, சர்க்கரை சற்றே ஏறி நீரிழிவின் வாசலில் நிற்பவர்களிடமும், மெலிந்த ஆரோக்கியமானவர்களிடம் உள்ளதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருதயத்தில் கொழுப்பு இருந்தது. இருதயத்தின் உந்தும் திறனோ அப்போதும் கெட்டிருக்கவில்லை. இருதயம் கொழுப்பையே பெரிதும் நம்பி எரிப்பதில் வேறொரு நஷ்டமும் உண்டு: அதே அளவு சக்திக்குச் சர்க்கரையைவிடக் கொழுப்புக்கு ஏறக்குறையப் பத்திலொரு பங்கு கூடுதலாகப் பிராணவாயு வேண்டும். குழாய்கள் குறுகிய நிலையில் அந்தப் பத்திலொரு பங்கு சாமானியமானதன்று.

இவையெல்லாம் இருப்பின் அளவுகள். ஓட்டத்தையே உயிருள்ள மனிதரில் காணவேண்டும் என்னும் ஆசை அண்மைக் காலத்தில்தான் நிறைவேறிற்று. காந்தத்துக்குப் பதில் சொல்லும் வகைக் கார்பன் இயற்கையில் நூற்றில் ஒரு பங்கே. அதன் ஒலியும் மிக மெல்லியது. அந்தக் கார்பனைப் பொதிந்த பைருவேட்டை, நிறைகுளிர் எல்லைக்கு ஏறக்குறைய ஒரு பாகை மேலான குளிரில் உறையவைத்து, காந்தப் புலத்தில் நுண்ணலையால் பதப்படுத்தி, சட்டென்று சுடுநீரில் கரைத்தால், அதன் ஒலி பதினாயிரம் மடங்குக்கும் மேல் பெருகி நிற்கிறது. நிற்பது சிறிது நேரமே. ஒன்றிரண்டு நிமிடத்தில் மங்கிவிடும். கரைத்த கையோடு நாளத்தில் செலுத்தினால், பைருவேட் இருதயத்தை அடைந்து, எரிப்பிடத்துக்குள் புகுந்து, கரியமில வாயுவாகிப் பைகார்பனேட்டாக மாறுவதை ஒவ்வொரு துடிப்பாகக் காணலாம். ராண்டில் அடைபட்டது என்று சொன்ன அதே மடையின் வழியே இப்போது எவ்வளவு பாய்கிறது என்பதை அந்தப் பைகார்பனேட்டின் சிகரம் நேரே சொல்லுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் 2008இல் நீரிழிவுற்ற எலிகளிலும், 2020இல் இரண்டாம் வகை நீரிழிவுள்ள மனிதர்களிலும் இதைச் செய்து, இருவகை இருதயங்களிலும் அந்த ஓட்டம் குன்றியிருப்பதைக் கண்டார்கள். உபவாசத்துக்குப்பின் அளந்து, பிறகு குளுக்கோஸ் அருந்தச் செய்து மறுபடி அளந்தபோது, நீரிழிவுள்ளவர்களிடத்தும் ஓட்டம் ஏறிற்று. முற்றிலும் அடைபடவில்லை, இன்னும் திறக்கக்கூடியதாகவே இருக்கிறது என்ற இந்தச் செய்தி, நோயாளியின் பக்கம் நின்று பார்க்கும் எவருக்கும் ஆறுதலளிப்பது.

சிகிச்சையின் திசையிலும் அளவீடு தன் கடமையைச் செய்துவருகிறது. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் என்னும் மருந்தை 7,020 நீரிழிவுக்காரர்களிடம் சோதித்து 2015இல் வெளியிட்ட முடிவில், இருதயத் தளர்ச்சிக்காக ஆஸ்பத்திரியில் சேரவேண்டிவந்தது 35 சதவிகிதம் குறைந்திருந்தது. இவ்வளவு நன்மை எப்படி வந்தது என்று யோசித்தவர்களில் சிலர், அம்மருந்து ரத்தத்தில் கீட்டோன் பொருள்களைச் சற்று உயர்த்துவதால், இருதயத்துக்குச் சிக்கனமான எரிபொருள் கிடைத்து அதன் சக்திச் சேமிப்பு மீள்கிறது என்று கூறினார்கள். கேட்பதற்கு இனிய கருத்து. சோதிக்கவும் வழி இருந்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நீரிழிவுள்ள சிலருக்கு அம்மருந்தைப் பன்னிரண்டு வாரம் கொடுத்து அளந்தபோது பாஸ்போகிரியாட்டினின் விகிதம் உயர்ந்தது. ஆனால் அங்கே ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லா மாத்திரை கொடுத்த மற்றொரு கூட்டம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இருதயத் தளர்ச்சியுள்ளவர்களை இரு கூட்டமாக்கி, ஒரு பாதிக்கு மருந்தையும் மறு பாதிக்கு மருந்தில்லா மாத்திரையையும் அதே பன்னிரண்டு வாரம் கொடுத்து, 2023இல் வெளியிட்ட முடிவிலோ அந்த விகிதத்தில் மாறுதல் ஒன்றும் இல்லை. மருந்து நோயாளிகளைக் காக்கிறது என்ற உண்மை இதனால் அசையவில்லை. அது காக்கும் வழி பாஸ்பேட்டுகளின் இருப்பில் தென்படவில்லை என்பதே தெரிந்தது. இருதயத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தவர்களில் பலர் இப்போது சிறுநீரகத்தின் உப்புக் கணக்கையும், ரத்தத்தின் கன அளவையும், தசையணுவினுள் சோடியம் நடமாடுவதையும் அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.